பதிப்பு 15.0-இல் அப்பாவின் மிஸ்டு கால்

1.0

"புதிய பதிப்பு தயாராக உள்ளது. இப்போது நிறுவலாமா, பிறகு நினைவூட்டவா?" என்று என் போன் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் மாதக்கணக்கில் "பிறகு" என்பதையே தொட்டுக்கொண்டிருந்தேன்.

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் தொடமாட்டேன். முன்பு ஒருமுறை போனைப் புதுப்பித்தபோது அலாரத்தின் சத்தம் மாறிவிட்டது. புதுச் சத்தம் தூரத்தில் யாரோ புல்லாங்குழல் வாசிப்பதுபோல் இதமாக இருந்தது. இதமாக இருந்ததால் நன்றாகத் தூங்கிவிட்டேன். வேலைக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. "போன் நியூ, சவுண்டு நியூ, ஐ ஸ்லீப்" என்றேன். நான் புதுப் போன் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். அன்றைக்குப் பிந்தியதற்குச் சம்பளப் பிடித்தமும் உண்டு, வாழ்த்தும் உண்டு.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் ஓரத்தில், ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக் கொடுக்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஓர் இந்திய உணவகத்தில் தந்தூரி அடுப்பில் நிற்கிறார். ஒரே மகள் ரீனா, பள்ளியின் கடைசி வருடம்.

"மா, பழைய பதிப்புல ஓட்டை இருக்கும். அது வழியாத் திருடன் உள்ள வருவான்" என்பாள் ரீனா, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக.

"என் போன்ல திருடுறதுக்கு என்னடி இருக்கு? உங்க தாத்தாவோட மிஸ்டு கால்தான் இருக்கு. எடுத்துட்டுப் போகட்டும்."

கடைசியில் அந்தத் தாத்தாவுக்காகத்தான் நான் புதுப்பிக்க வேண்டி வந்தது. அப்பாவை இங்கே கொஞ்ச நாள் கூட்டிவந்து வைத்துக்கொள்ள விசாவுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு செயலி உண்டு. அந்தச் செயலியைத் திறந்தால், "உங்கள் கருவியின் பதிப்பு பழையது" என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டது. ரீனாவின் போனில் போட்டுப் பார்த்தோம். அது அப்பாவின் குடும்பப் பெயரைக் கேட்டது. நம் ஊர்க்காரருக்கு ஏது குடும்பப் பெயர்? சவரிமுத்து என்றால் சவரிமுத்துதான். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அதனால் முதற்பெயர் சவரிமுத்து, குடும்பப் பெயரும் சவரிமுத்து என்று போட்டோம். அப்பாவிடம் சொன்னபோது, "ஒருத்தனுக்கு எதுக்காத்தா ரெண்டு டிக்கெட்டு?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு, விண்ணப்பிப்பவர் என்கிற முறையில் என் முகத்தை என் போனில்தான் காட்டவேண்டும் என்றது. வேறு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, போனைச் சார்ஜில் போட்டு, "இப்போது" என்பதைத் தொட்டேன். கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நீண்டது. நான் பக்கத்திலேயே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்க மாதிரி உக்காந்திருக்காளே" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

14.6 போய் 15.0 வந்தது. என் முகத்தைக் காட்டி விண்ணப்பத்தையும் அனுப்பியாகிவிட்டது. பார்க்க எல்லாம் நன்றாகவே இருந்தது.

1.1

இந்த எண்கள் எப்படி ஏறுகின்றன என்று ரீனா எனக்கு விளக்கினாள். பெரிய மாற்றம் என்றால் முதல் எண் கூடும். சின்ன மாற்றம் என்றால் புள்ளிக்குப் பிறகு கூடும். வெறும் பிழையைச் சரிசெய்தால் அதற்கும் பின்னால் இன்னொரு புள்ளி, இன்னொரு எண். அவள் படம் போட்டு விளக்கினாள். எனக்குப் படம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக் கதவிலேயே பழைய எண் 12, புதிய எண் 27 என்று இரண்டும் எழுதியிருக்கும். பெரியப்பா பாகம் பிரித்துக் குறுக்கே சுவர் எழுப்பியபோது நாங்கள் 27/1 ஆனோம். பின்கட்டை வாடகைக்கு விட்டபோது அது 27/1ஏ. தபால்காரர் மட்டும் கடைசிவரை பழைய எண்ணை வைத்துத்தான் எங்களைக் கண்டுபிடித்தார்.

அப்பா தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போய்த் திரும்புகிற வண்டி. வண்டியின் காலை நடையில் கத்தரிக்காய்ச் சாக்கும் பூக்கூடையும் ஏறும். சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் துளசி மாலையோடு ஏறுவார்கள். அப்பாவுக்குக் குரல் சின்னது. அந்த நெரிசலில் கத்தினால் டிரைவருக்குக் கேட்காது. அதனால் எல்லாவற்றையும் விசிலிலேயே முடித்துக்கொள்வார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட்.

நாங்கள் இங்கே வந்தபோது வெளிநாட்டுக்குப் பேசுவது பெரிய செலவு. பேகம்பூரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் அப்பாவுக்கு யோசனை சொன்னார். மிஸ்டு கால் கொடுங்கள், மகள் எடுக்கவேண்டாம், காசு போகாது. அப்பா அதற்குத் தன் தொழில் மொழியை வைத்துக்கொண்டார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "காலையில ரெண்டு மிஸ்டு கால் குடுப்பேன். வண்டி ஓடுது, எல்லாம் ரைட்டுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் வந்துச்சுன்னா நிறுத்துன்னு அர்த்தம். ஒடனே கூப்புடு."

அப்பா பால் வாங்கி வந்து அடுப்பில் வைக்கிற நேரம், எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்து, போனை டப்பாவின் மூடிமேல் வைத்துக்கொள்வேன். ஒருமுறை அடித்து நிற்கும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒருமுறை அடித்து நிற்கும். அதன்பிறகுதான் முதல் கவளம். சாமோவா நாட்டுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்காருவாள். நான் அதைப் பார்த்து ஜெபம் செய்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாளாம்.

இப்போது பேச்சு மலிந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் இதை விடவில்லை. "உங்கப்பாவும் நீயும் வாயால பேசுங்களேன். ரெண்டு பேரும் விசிலடிச்சே குடும்பம் நடத்துறீங்க" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டீங்களா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பார். முட்டி வலி எப்படி என்பேன், வலியே இல்லை என்பார். வேலை கஷ்டமா என்பார், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பேன். இரண்டு பக்கமும் இவ்வளவு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மணிச் சத்தத்தில் பொய்யே இல்லை.

இத்தனை வருடத்தில் ஒற்றை மிஸ்டு கால் வந்ததே கிடையாது.

1.1.1

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஒருமுறை வந்தது. அம்மா இறந்த அன்று.

ஒன்று அடித்து நின்றது. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கூப்பிட்டேன். அப்பா எடுத்தார், அந்தச் சின்னக் குரலும் வெளியே வரவில்லை. காதர் பாய்தான் போனை வாங்கி, "தைரியமா இரும்மா" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பாய் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

1.2

புதுப்பித்த மறுநாள், திங்கட்கிழமை. டப்பாவைத் திறந்து மூடிமேல் போனை வைத்தேன். மணி அடிக்கவில்லை.

பால் வர நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன். சாதம் ஆறியது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ஒன்றுமே வரவில்லை. ஒன்று வந்திருந்தால்கூட "நிறுத்து" என்று அர்த்தம் தெரியும். ஒன்றுமே வராததற்கு அப்பா அர்த்தம் சொல்லித் தரவில்லை.

கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு, பழைய அழைப்புகளின் வரிசையில் அப்பா என்று இருந்ததைத் தொட்டுக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறார் என்று ஒரு காட்சி, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் புகை என்று இன்னொரு காட்சி. என் மண்டைக்குள் இந்த மாதிரிப் படங்கள் டிக்கெட் இல்லாமலே ஓடும். காதர் பாய்க்கு அடித்தேன்.

"யாரு, ஸ்டெல்லாவா? என்னம்மா இந்நேரத்துல?"

"பாய், அப்பாவப் பாத்தீங்களா?"

"இப்பத்தான பால் பாக்கெட்டோட போறாரு கண்டக்டரண்ணே. அல்லா புண்ணியத்துல கல்லு மாதிரி இருக்காரு."

"மிஸ்டு கால் வரல பாய். போனும் எடுக்கல."

"சார்ஜுல போட்டுட்டு மாடியில துணி காயப்போடப் போயிருப்பாரு. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

மனப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை பாய்க்கு மறுபடி அடித்தபோது அவர் வேறொன்று சொன்னார்: "அண்ணே என்மேலதான் கோவமா இருக்காரு. ஃபாரின் ரீசார்ஜ் போட்டு விட்டேன். போட்ட வேகத்துல காலியாயிருச்சாம். நான் என்னமோ எடுத்துத் தின்ன மாதிரி கடை வாசல்ல நின்னு வைறாரு. அவரு ஒழுங்காத்தான் இருக்காரும்மா. நல்லாத் தெம்பா வைறாரு."

எனக்கு அந்த ரீசார்ஜ் விஷயம் காதில் விழுந்ததே தவிர, மனதில் நிற்கவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், ஆனால் எனக்கு மணி அடிக்கவில்லை. அது ஒன்றுதான் நின்றது. விழுந்து கிடக்கிறார் என்று பயந்ததைவிட இது மோசமாக இருந்தது. நல்லபடியாக இருக்கிற மனிதர் வேண்டுமென்றே செய்கிறார் என்றால், என்மேல் கோபம்.

கோபத்துக்குக் காரணமும் எனக்குத் தயாராக இருந்தது. அம்மாவின் நினைவு நாளன்று பேசியபோது, இந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்களால் வர முடியாது, அதற்குப் பதில் நீங்கள் இங்கே வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். "பாப்போம்" என்றார். அந்த "பாப்போம்" என்ற சொல்லை நான் மூன்று நாளாகக் கழுவிக் காயப்போட்டு மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.3

வியாழக்கிழமை எடுத்தார்.

"அப்பா, நாந்தான்."

"சொல்லாத்தா." குரல் விறைப்பாக இருந்தது. சில்லறை கேட்ட பயணியிடம் பேசுகிற குரல்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"இருக்கேன்."

"மிஸ்டு கால் ஏன்ப்பா குடுக்கல?"

"குடுத்தா மட்டும் என்னாத்தா ஆகப்போகுது?"

பின்னால் அவருடைய தெருவில் ஒரு டூவீலர் போகிற சத்தம் கேட்டது. யாரோ கீரை விற்றார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். "நீ பெரிய எடத்துல இருக்க. வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெரிய இடமா? கழுத்துவரை குவிந்த ஈரத் துணி வண்டியோடு நிற்கிற இடம். அன்று மடித்த விரிப்புகளில் பாதியைச் சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். மூலை சேரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது போனில் ஒரு அறிவிப்பு வந்தது. 15.0.1 தயார். அதன் கீழே ஒரு வரி: "பிழைத் திருத்தங்களும் மேம்பாடுகளும்." எப்போதும் இதே வரிதான். என்ன பிழை, யாருக்கு அதனால் என்ன ஆனது என்று எதையும் சொல்வதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா வண்டியிலிருந்து இறங்கும்போது கையில் தாடிக்கொம்புக் கனகாம்பரம் இருக்கும். அம்மா ராத்திரி வெஞ்சனத்துக்கு அவருக்குப் பிடித்த கருவாடு வறுப்பாள். பிழை திருத்தப்பட்டது, அவ்வளவுதான், என்ன பிழை என்பது பதிவாகாது. அந்த மாதிரி ஒரு கனகாம்பரத்தை இங்கிருந்து எப்படி அனுப்புவது?

"என்ன மா, சாப்பிடாம போனையே பாக்கிற?" என்றாள் ரீனா. அவள் முழுத் தமிழில் கேட்டாளென்றால் என் முகம் அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

"தாத்தாவுக்கு என்மேல கோவம்டி. ஞாயித்துக்கிழமையிலேருந்து மிஸ்டு கால் இல்ல."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமையா? அன்னிக்குத்தானே அப்டேட் பண்ணீங்க?"

1.4

அவள் என் போனை வாங்கி, எங்கெங்கோ தொட்டு, நான் பார்த்தே இராத ஒரு வரிசையைத் திறந்தாள். "தெரியாத அழைப்பாளர்கள்" என்று மேலே போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரே எண், வரிசையாக. திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய்க்கிழமை ஒன்று. அதோடு நின்றிருந்தது.

அப்பாவின் எண்.

இந்தப் பதிப்பில் புது வசதி ஒன்றாம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போன் நமக்கு மணி அடிக்காது. அதுவே எடுக்கும். ஒரு பெண் குரலில், நீங்கள் யார், என்ன காரணத்துக்காக அழைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கும். பதிலை வாங்கி வைத்துக்கொள்ளும். விற்பனைக்காரர்கள் தொல்லை இருக்காது என்பதற்காகச் செய்தது.

"தாத்தா எப்படித் தெரியாத ஆள் ஆவாரு? பேர் போட்டு வச்சிருக்கேனே!" என்றேன்.

ரீனா பெயரைத் திறந்து காட்டினாள். அப்பா என்று இருந்தது. எண்ணும் சரிதான். ஆனால் வெறும் பத்து இலக்கம். முன்னால் கூட்டல் குறியும் தொண்ணூற்றொன்றும் இல்லை. ஊரில் முதல் போன் வாங்கியபோது காதர் பாய் தன் கையால் பதிந்து கொடுத்த எண் அது. திண்டுக்கல்லுக்குள் பேசுகிறவர்களுக்குத் தொண்ணூற்றொன்று எதற்கு? போன் மாற மாற அந்த எண் அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குடிபெயர்ந்து கடல் தாண்டி வந்திருக்கிறது. பழைய பதிப்புகள் பத்து இலக்கத்தைப் பார்த்தே இவர் அப்பாதான் என்று விட்டுவிட்டன, எங்கள் தபால்காரரைப் போல. 15.0 முழு முகவரி கேட்டது. நானோ வந்த அழைப்பைத் தொட்டுத்தான் திருப்பிக் கூப்பிடுவேன். அதனால் இந்தக் குறை எனக்குத் தெரியவே இல்லை.

"பிழை போன்ல இல்ல மா. நம்மகிட்டதான்" என்றாள்.

ஒவ்வொரு அழைப்பின் பக்கத்திலும் கேட்பதற்கான பொத்தான் இருந்தது. திங்கட்கிழமை முதல் அழைப்பைத் தொட்டாள். ஆங்கிலக் குரல் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம். வைத்துவிட்டார். இரண்டாவதிலும் அதே குரல். "அய்யய்யோ" என்று மட்டும் ஒரு சொல். வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அழைப்பைத் தொட்டாள். குரல் கேள்வியைக் கேட்டு முடித்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஸ் மேடம். சவரிமுத்து. திண்டுக்கல். ரிட்டையர்டு கண்டக்டர். ஸ்டெல்லாவோட ஃபாதர் மேடம்." ஒரு இடைவெளி. அதற்குமேல் ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. "காரணமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மாதான். தெனமும் அடிக்கிறதுதான். அது சாப்புடுற நேரம், இந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் அதுக்குச் சோறு எறங்கும். அதான். அது வேலையா இருந்துச்சுன்னா வேணாம், தொந்தரவு பண்ணல. அப்பா ரைட்டுன்னு மட்டும் சொல்லிருங்கம்மா." மறுபடி இடைவெளி. பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். "கேக்குதாங்கம்மா? ரைட்டுன்னு."

அங்கே அறுந்தது. போனே எடுத்துப் பேசியதால் காசு ஓடி, பாய் போட்ட ரீசார்ஜ் அத்தோடு தீர்ந்திருக்கும்.

நான் அழுவதற்கு முன்னால் ரீனா கேட்டாள்: "தாத்தா குரல் இப்படியா மா இருக்கும்?"

அவளுக்கு நினைவு தெரிந்து ஊருக்குப் போனது ஒரே முறை. மாதம் ஒருநாள் பேசும்போதும் "ஹலோ தாத்தா, ஃபைன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவாள். இந்த வீட்டில் தாத்தா என்றால் இரண்டு மணிச் சத்தம்தான். அவள் அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள். பிறகு தானாகவே அப்பாவின் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு, 9, 1 என்று அடித்து, சேமித்தாள்.

1.4.1

உடனே கூப்பிட்டேன். ஊரில் அப்போது மதிய வெயில்.

"அப்பா, அது ஆள் இல்லப்பா. மிஷின்."

"எது?"

"இங்கிலீஷ்ல கேட்டுச்சே, அந்தப் பொம்பள."

"ஏ, சும்மா இரு. அம்புட்டு மரியாதையாக் கேட்டுச்சு. மிஷினு எங்கயாச்சும் அப்பிடிக் கேக்குமா? பஸ் ஸ்டாண்டுல மைக்குல பேசுறவன்கூட அப்பிடிப் பேச மாட்டான்."

"சத்தியமா மிஷின்ப்பா. போனே பேசுறது."

"நீதான் ஆள் வச்சிட்டியோன்னு நெனச்சேன்."

"என்னாப்பா பேசுறீங்க? துணி மடிக்கிறவளுக்கு எதுக்கு ஆளு?"

"எனக்கென்னாத்தா தெரியும்? இத்தன வருசம் போயிருச்சு. பெரிய எடத்துக்குப் போயிட்டா ஆள் வச்சுக் கேப்பாங்கள்ல. அப்பனே ஆனாலும் காரணஞ் சொல்லிட்டுத்தான் உள்ள வரணும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். தப்பா நெனக்கல. அது ஒங்க ஊரு வழக்கமா இருக்கும்னு நெனச்சேன். நீ அடிச்சப்பவும் அந்தப் பொம்பளதானோன்னு பயந்து எடுக்கல."

"நானு, கிறிஸ்துமஸுக்கு வரலன்னு நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அடிப் போடி! அதுக்கா கோவப்படுவாங்க?" சிரித்தார். பிறகு திடீரென்று குரல் மாறியது. "ஏத்தா, அப்ப நான் பேசுனதெல்லாம் மிஷினு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நாங்களும் கேட்டோம்."

"ரிட்டையர்டு கண்டக்டர்னு சொன்னேனே. இங்கிலீஷு சரியா இருந்துச்சா?"

பக்கத்திலிருந்து ரீனா எட்டிச் சொன்னாள்: "சூப்பரா இருந்துச்சு தாத்தா!"

"யாரது, ரீனாவா? தமிழ்ல பேசுதே!" அப்பா சந்தோஷத்தில் கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. "காதர் பாயி பாவம். அவர வேற வஞ்சுட்டேன். ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வாரேன்." மன்னிப்புக் கேட்கமாட்டார். டீயோடு அந்தப் பிழையும் திருத்தப்படும்.

2.0

பாய் மறுபடி ரீசார்ஜ் போட்டுவிட, மறுநாளிலிருந்து இரண்டு மணி வரத் தொடங்கியது. நான் சோறு தின்னத் தொடங்கினேன். விசா விண்ணப்பம் "பரிசீலனையில்" என்ற ஒரே நிலையில் நிற்கிறது. சவரிமுத்து சவரிமுத்து யார் என்று அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்போல. 15.0.1-ஐ நான் நிறுவவில்லை. "பிறகு" என்பதைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். எதைத் திருத்தப்போகிறார்கள் என்று சொன்னால் யோசிக்கலாம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஒருநாள், சாப்பாட்டு அறை. புளிச்சாதமும் அப்பளமும். போன் மூடிமேல் இருந்தது. ஒருமுறை அடித்து நின்றது. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

காத்திருந்தேன். சாமோவாப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டை நிறுத்தினாள். "தெரியாத அழைப்பாளர்கள்" வரிசையைத் திறந்து பார்த்தேன். காலி. மெய்யாகவே ஒன்றுதான். எழுந்து வெளியே போனேனா, உட்கார்ந்தபடியே அடித்தேனா, ஞாபகமில்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா! ஒண்ணுதான் வந்துச்சு!"

"ஆமாத்தா. ஒண்ணுதான் அடிச்சேன்."

"என்னாச்சுப்பா? விழுந்துட்டீங்களா? பாய் பக்கத்துல இருக்காரா?"

"ஒண்ணும் ஆகல. இந்தா நாற்காலியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்பறம் ஏன்ப்பா நிறுத்துனீங்க? எனக்கு உசுரே போயிருச்சு."

"கோவப்படாத. அந்த மிஷினு கேட்டுச்சுல்ல, எதுக்குக் கூப்புடுறன்னு. அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தாடிக்கொம்பு வண்டியில அம்புட்டு வருசம் ரெண்டு விசிலு அடிச்சு அடிச்சு வண்டிய வெரட்டிக்கிட்டே இருந்துட்டேன். ஒங்க அம்மா போனன்னிக்குத்தான் ஒத்த விசிலு. அதோட சரி. சாவுக்கு மட்டுந்தான் வண்டி நிக்கணுமான்னு தோணுச்சு."

அவருடைய தெருவின் சத்தம் கேட்டது. பால்காரர் சைக்கிள், எங்கோ ஒரு பள்ளிவாசல் மைக், காப்பி டம்ளரைக் கீழே வைத்த சத்தம்.

"அப்ப இப்ப எதுக்குப்பா நிறுத்துனீங்க?"

"சும்மாதான்" என்றார் அப்பா. "என்னா சோறு இன்னிக்கு?"

"புளிச்சோறு."

"தொட்டுக்க?"

"அப்பளம். கருகிப்போச்சு." பொய் சொல்லத் தோன்றவில்லை. "எனக்கு இடுப்பு வலிக்குதுப்பா. நின்னுக்கிட்டே பாக்குற வேலை."

"எனக்கு முட்டி வலிக்குது" என்றார். "மாடிக்கே போறதில்ல இப்ப."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் ரைட் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.